கை முந்தலாமா?

சீட்டாட்டத்தைப் பற்றித் தமிழ்ச் சங்க இதழில் எழுதலாமா என்று ஆசிரியர் குழு நண்பர் ஒருவர் தயங்கினார். எழுதலாம் என்றேன். விடுதியில் நான்கு பேர் கூடினால் நடப்பதை, நானூறு பேர் படிக்கும் இதழில் பேசக்கூடாதா? வீட்டிலிருந்து வரும் கடிதங்களுக்கும் நம் இதழுக்கும் அந்த வேறுபாடாவது இருக்க வேண்டாமா?

ஆடலாமா, கூடாதா என்ற பழைய வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அதற்கு வள்ளுவரை அழைப்போர் ஏராளம். சூது என்று ஓர் அதிகாரம் வகுத்த அவரே காலமறிதல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. என் பொருள் அந்த இரண்டாவது பக்கத்தைச் சேர்ந்தது. மிகச் சிறியது. போக்கர் ஆடுகிறவன் தன் முறை வந்ததும் எவ்வளவு நேரத்தில் முடிவு செய்ய வேண்டும்?

ஆட்டம் அறியாத நண்பர்களுக்காக இரண்டு வரி. பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். இடையிடையே நான்கு முறை பந்தயம் வைப்பார்கள். எதிராளி பந்தயம் வைத்தால் நமக்கு மூன்றே வழி. சீட்டைக் கவிழ்த்து விலகலாம். அதே தொகையை ஈடாக வைக்கலாம். அல்லது மேலே ஏற்றலாம். நடுவில் குவியும் தொகையை நடுப்பணம் என்றும், ஒரு முறை சீட்டுப் போட்டு முடிவதை ஒரு கை என்றும் சொல்லிக்கொள்வோம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

2025 ஜனவரியில் ஓர் இரவு. இந்த வடபுலத்துக் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாழ்வாரத்தில் விளக்கு எரிந்த அறை ஒன்றே ஒன்றுதான். முதலாண்டுத் தம்பி ஒருவன் ரஜாய்க்குள் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கணினி, கையில் கைப்பேசி. ஒரே நேரத்தில் மூன்று மேசைகளில் பண ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். வகுப்பில் நிகழ்தகவுக் கணக்கை என்னைவிட விரைவாகப் போடுகிறவன் அவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; அறியாமையால் தோற்றான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

நான் அருகில் அமர்ந்து பார்த்தேன். ஒரு மேசையில் முறை வரும், தொடுவான். மற்றொன்று ஒளிரும், தொடுவான். எந்த முடிவும் இரண்டு வினாடியைத் தாண்டவில்லை. மெஸ் பாக்கிக்கென வீட்டிலிருந்து வந்த ஆறாயிரம் ரூபாய் அதில் இருந்தது. வாயிற்புறக் கடையிலிருந்து தேநீர் வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது பணம் தீர்ந்திருந்தது.

“எந்தக் கையில் போச்சு, தம்பி?” என்று கேட்டேன்.

சற்று நேரம் திரையையே பார்த்தான். “தெரியல அண்ணா” என்றான்.

அந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். ஆறாயிரம் ரூபாயை எந்த முடிவுகளால் இழந்தோம் என்று ஒருவனுக்குத் தெரியவில்லை என்றால், அவன் முடிவு ஒன்றும் செய்யவில்லை என்றுதானே பொருள்? கை செய்தது, அவன் உடன் இருந்தான்.

அவனுக்குத் தெரியாத ஒரு கை எனக்கு நினைவிருந்தது. அவனிடம் இரண்டு ஆர்ட்டின். மேசையில் திறந்த நான்கு சீட்டில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேரும். ஏறத்தாழ வெற்றி உறுதி. விழாவிட்டால் ஒன்றுமில்லை. எதிராளியின் பந்தயத்துக்கு முன் நடுப்பணம் 400 ரூபாய். எதிராளி 200 வைத்தான். தம்பி கண் இமைக்கும் நேரத்தில் 200 வைத்தான். கடைசிச் சீட்டு கறுப்பாக விழுந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 52 சீட்டில் அவன் கண்டது ஆறு. காணாதது 46. அவற்றில் ஆர்ட்டின் ஒன்பது. இதே நிலை 46 முறை வந்தால், ஒன்பது முறை 600 கிடைக்கும், அது 5,400. மீதி 37 முறை 200 போகும், அது 7,400. ஆக 2,000 நட்டம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 43 ரூபாயைச் சன்னல் வழியே வீசுவதற்கு ஒப்பானது அந்த ஈடு. கறுப்புச் சீட்டு விழுந்ததால் இது தவறு என்று நான் சொல்லவில்லை. சிவப்பு விழுந்து அவன் துள்ளிக் குதித்திருந்தாலும் தவறுதான்.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. சுவையும் இங்கேதான் இருக்கிறது. ஆர்ட்டின் விழுந்தபின் கடைசிச் சுற்றில் எதிராளி மேலும் பணம் வைப்பான் அல்லவா? அதையும் கூட்ட வேண்டும். நட்டமான 2,000-ஐ அந்த ஒன்பது வெற்றிகளின்மேல் பகிர்ந்தால், ஒவ்வொரு வெற்றியிலும் இன்னும் 222 ரூபாய் வந்தால் போதும். ஈடு வைப்பது நட்டமில்லை. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி என்ன? எதிராளியின் முன்னே இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது? மூன்றாவது ஆர்ட்டின் விழுந்ததைக் கண்டும் பணம் வைக்கும் பேர்வழியா அவன், அல்லது உடனே கவிழ்த்துவிடுவானா? இந்தக் கேள்விக்குப் பத்து வினாடி வேண்டும். கணக்கில் கெட்டிக்காரனான அந்தத் தம்பிக்கு ஐந்து வினாடி போதும். இரண்டு வினாடி மட்டும் போதாது.

விடுதியில் இதற்கு ஒரு மறுப்பு உண்டு. முதலில் தோன்றுவதே சரி. யோசிக்க யோசிக்கக் குழப்பம் என்பார்கள். அதற்குச் சான்றாக நம் விசுவநாதன் ஆனந்தையும் இழுப்பார்கள். சிறுவயதில் அவர் மற்றவர்கள் வியக்கும் விரைவில் காய் நகர்த்தினார். மின்னல் சிறுவன் என்றே பெயர் பெற்றார். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவர் விரைந்து வென்றாரே, நாம் விரைந்தால் என்ன?

இந்த வாதம் எனக்கு நகைப்பையே தருகிறது. விரைவைக் கண்டார்கள், அதற்குமுன் பலகையில் கழிந்த ஆண்டுகளைக் காணவில்லை. மேலும் சதுரங்கத்தில் மறைவு இல்லை. எதிராளியின் காய்கள் எல்லாம் கண்முன்னே நிற்கின்றன. போக்கரில் அவன் சீட்டு மறைந்திருக்கிறது. இரண்டு சீட்டுக் கூட்டுகள் மொத்தம் 1,326. அவற்றில் எவற்றை அவன் வைத்திருக்கக்கூடும், எவற்றை முன்பே கவிழ்த்திருப்பான் என்று ஒவ்வொரு பந்தயத்திலும் கழித்துக்கொண்டே வர வேண்டும். அது கண்ணால் பார்த்து அறிவது அன்று, நினைவால் கட்டுவது.

மனிதனை விடுங்கள், இயந்திரத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவாம் பிரவுன், துவோமாஸ் சாண்ட்ஹோம் இருவரும் புளூரிபஸ் என்ற போக்கர் நிரலை உருவாக்கி 2019-இல் வெளியிட்டார்கள். அறுவர் ஆடும் மேசையில் கைதேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை அது வென்றது. அது எப்படி முடிவெடுத்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. ஆட வருமுன் எட்டு நாள் தனக்குத்தானே ஆடிப் பயின்றது. அதனால் முதல் பந்தயச் சுற்றில் பெரும்பாலும் முன்பே வகுத்து வைத்ததை அப்படியே செய்தது. அடுத்த சுற்றுகளில் மேசையைப் பார்த்துத் தேடியது. அந்தத் தேடலுக்கு ஓரிடத்தில் ஒரு வினாடி எடுத்தது. மற்றோரிடத்தில் 33 வினாடி எடுத்தது.

கவனியுங்கள். எல்லா முடிவுக்கும் ஒரே நேரம் அது கொடுக்கவில்லை. எளியதற்குக் குறைவு, அரியதற்கு முப்பது மடங்குக்கும் மேல். மின்னலினும் விரைந்து கணக்கிடும் பொறியே 33 வினாடி எடுத்துக்கொண்ட இடத்தில், குளிரில் விரல் விறைத்துப்போன முதலாண்டு மாணவன் இரண்டு வினாடியில் தீர்ப்பு எழுதலாமா?

இங்கேதான் என் முதல் கருத்து நிற்கிறது. யோசிக்க வேண்டிய நேரம் நம் முறை வந்தபிறகு தொடங்குவதில்லை. பிறர் முறை நடக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. மேசையில் ஆறு பேர் இருந்தால், ஆட்டத்தின் பெரும்பகுதி மற்ற ஐவருடையது. அந்த நேரத்தில் யார் எவ்வளவு வைத்தார், யார் தயங்கினார், நடுப்பணம் எவ்வளவு, எவரிடம் என்ன மீதி என்று எண்ணிக்கொண்டிருப்பவனுக்குத் தன் முறையில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சும். அவன் விரைவாக ஆடலாம். அது பதற்றம் ஆகாது. நம் நண்பர்களோ தங்கள் சீட்டைக் கவிழ்த்தவுடன் கைப்பேசியில் திரைப்படத் துணுக்குப் பார்க்கிறார்கள். முறை வந்ததும் “யார் வச்சது? எவ்வளவு?” என்று கேட்கிறார்கள். பிறகு விரைந்தாலும் வீண், தாமதித்தாலும் வீண்.

அப்படியானால் எப்போதும் நீண்ட நேரம் யோசிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இது மறுபுறத்து நோய். எங்கள் அறையிலே ஓர் ஆய்வு மாணவர் உண்டு. அவர் கையில் ஒன்றுமில்லாதபோதும் கன்னத்தில் கை வைத்து இரண்டு நிமிடம் கூரையைப் பார்ப்பார். அத்தனை பேரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் மாலையில் முப்பது கை ஆட வேண்டிய இடத்தில் பன்னிரண்டுதான் ஆடினோம். பிறர் நேரத்தைத் தின்பதும் ஒருவகைத் திருட்டுத்தான். பல போட்டிகள் பின்பற்றும் விதி ஒன்று இதற்காகவே இருக்கிறது. நியாயமான நேரம் கடந்துவிட்டது என்று நடுவர் கருதினால் கடிகாரம் வைக்கலாம். மற்ற ஆட்டக்காரரும் அதைக் கேட்கலாம். வைத்தபின் 25 வினாடி. அதன்மேல் ஐந்து எண்ணுவார்கள். அதற்குள் பதில் இல்லையேல், பந்தயத்தை எதிர்நோக்கி நிற்பவனின் சீட்டு செத்த சீட்டு.

இன்னும் இழிவான தாமதம் ஒன்று உண்டு. தன்னிடம் வெல்லும் சீட்டு இருப்பது தெரிந்தும், கடைசியில் எதிராளி வென்றதாக எண்ணி மகிழும்வரை திறக்காமல் இழுத்தடிப்பது. போக்கர் உலகெங்கும் இதை அநாகரிகமாகவே கருதுகிறார்கள். நம் விடுதியில் சிலர் இதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, நண்பர்களே.

நேரம் வெறும் நேரம் அன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். அது பேசும். ஜான் ஃபான் நாய்மன், ஆஸ்கர் மார்கென்ஸ்டர்ன் இருவரும் 1944-இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரையும் பொய்ப் பந்தயத்தையும் கணித முறையில் ஆராய்ந்தார்கள். அந்தக் கணக்கில் சீட்டு உண்டு, பந்தயம் உண்டு, கடிகாரம் இல்லை. மேசையிலோ கடிகாரம் இருக்கிறது. எவனொருவன் பந்தயத்தைக் கண்டவுடன் ஈடு வைக்கிறானோ, அவன் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று காட்டிக்கொடுக்கிறான். பெரும்பாலும் நடுத்தரச் சீட்டு. நெடுநேரம் யோசித்துவிட்டுத் திடீரென ஏற்றுகிறவனைக் கண்டால் அனுபவசாலிகள் ஒதுங்கிக்கொள்வார்கள். திரையில் ஆடும்போது, முறை வருமுன்னே ‘விலகு’ என்று குறித்து வைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தி வைத்தவனின் பதில் முறை வந்த அதே கணத்தில் பாய்ந்து வருவதால், எதிராளி என்ன வைத்தாலும் அவனுக்கு ஒன்றுதான் என்பது மேசைக்கே தெரிந்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தபின், அவன் ஒருமுறை தாமதித்தாலே சீட்டு வந்துவிட்டது என்று எல்லோரும் அறிவார்கள்.

ஆகவே நான் கைக்கொண்ட வழக்கம் ஒன்று. என் முறை வந்ததும் மனத்துக்குள் மெல்ல ஐந்து எண்ணுகிறேன். இரண்டு ஆஸ் வந்தாலும் ஐந்து. ஒன்றுக்கும் உதவாத சீட்டு வந்தாலும் ஐந்து. ஐந்துக்குள் விடை கிடைக்காத பெரிய முடிவு என்றால் கூச்சமின்றி நேரம் எடுத்துக்கொள்கிறேன்; ஒரு மாலையில் அப்படி மூன்று நான்கு முறைக்குமேல் வராது. இது நாடகம் என்று ஒரு நண்பர் கேலி செய்தார். ஒருவகையில் நாடகந்தான். முகத்தை மறைக்க எல்லோரும் நாடகம் ஆடுகிறார்கள்; நேரத்தை மறைக்க ஏன் ஆடக்கூடாது? ஆனால் உண்மையைச் சொன்னால், மறைப்பதைவிட எனக்கு வேறு பயன் கிடைத்தது. மூன்று எண்ணும்போது, நான் வைக்க நினைத்த ஈடு முட்டாள்தனம் என்று எத்தனையோ முறை தெரிந்திருக்கிறது.

தோற்றபின் இந்த ஐந்து எண்ணுவதுதான் மிகக் கடினம். நல்ல சீட்டோடு தோற்றவனுக்கு உடம்பு சூடேறுகிறது. போனதை அடுத்த கையிலேயே பிடித்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த நேரத்தில் காதில் விழாது. எனக்கும் விழவில்லை, அதனால் அத்தகைய கைக்குப் பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். தண்ணீர்க் குழாய் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருப்பது நல்லதாயிற்று.

இனி அந்தத் தம்பிக்குத் திரும்புகிறேன். அவன் ஏன் ஐந்து எண்ணவில்லை? எண்ண விடவில்லை என்பதே என் எண்ணம். திரையில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, பச்சை சிவப்பாகிறது, ஓசை எழுகிறது. மற்றொரு மேசை அதற்குள் அழைக்கிறது. இந்த அவசரத்தால் யாருக்குப் பயன்? ஒவ்வொரு கையிலும் நடுப்பணத்தில் ஒரு சிறு பங்கை ஆட்டம் நடத்துகிறவர் எடுத்துக்கொள்கிறார். நேரில் ஆடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ முப்பது கை நடக்கும். திரையில் அதே நேரத்தில் ஒரு மேசையிலேயே அறுபதுக்குமேல். மூன்று மேசை என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். யார் வென்றாலும் அவருக்குப் பங்கு உண்டு. கைகள் பெருகினால் பங்கு பெருகும். நம் யோசனை அவருக்கு நட்டம். இதை ஒருமுறை புரிந்துகொண்டபின் அந்தச் சுருங்கும் வட்டத்தை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. அது ஆட்டத்தின் கடிகாரம் அன்று, கடைக்காரரின் கடிகாரம்.

நேரத்துக்கும் பண ஆட்டத்துக்கும் உள்ள இந்த உறவை நம் மாநிலம் ஓரளவு உணர்ந்தது என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் இணையப் பண ஆட்டங்களுக்கு 2025-இல் வந்த விதிகளில், நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை ஆடக்கூடாது என்பதும் ஒன்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்றது. நம் தம்பி ஆடியதும் அந்த நேரத்தில்தான். ஆனால் இங்கே, அந்த விதிகளின் எல்லைக்கு வெளியே. அடுத்து ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதும் இணையப் பண ஆட்டத்தைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது; 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது; பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. திறமை ஆட்டத்தையும் சூதையும் ஒரே கயிற்றால் கட்டிவிட்டார்கள் என்று சில நண்பர்கள் குமுறுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்த அறையில், இரண்டு வினாடிக்கு ஒரு முடிவு என்ற கதியில், திறமை எங்கே நுழைந்திருக்கும்? திறமைக்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் நேரம். அதைப் பறித்துவிட்டுத் திறமை ஆட்டம் என்று பெயர்ப்பலகை மாட்டினால் போதுமா?

மெஸ் பாக்கியைத் தாழ்வாரத்தார் ஐவர் பங்கிட்டுக் கட்டினோம். தம்பி மார்ச்சு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டான். எப்படிக் கொடுத்தான் என்று கேட்டதற்கு, பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னான்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் எங்கள் அறையில் தீக்குச்சிப் பந்தயத்தில் போக்கர் நடக்கிறது. தம்பியும் வருகிறான். கைப்பேசிகளைக் கட்டிலின்மேல் ஒரு தலையணைக்கடியில் போட்டுவிடுவோம். சென்ற வாரம் அதே மாதிரி இரண்டு ஆர்ட்டினோடு அவன் மாட்டிக்கொண்டான். நடுவில் நாற்பது குச்சி. எதிரே ஆய்வு மாணவர் இருபது குச்சி வைத்தார். தம்பி அவர் முன்னே கிடந்த மீதிக் குச்சிகளை விரலால் சுட்டி எண்ணினான். பதினொன்றுதான் இருந்தது. சீட்டைக் கவிழ்த்தான். ஆய்வு மாணவர் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

வர விரும்புவோர் ஆறரை மணிக்குள் வரலாம். குச்சிப் பெட்டி அவரவர் கொண்டுவர வேண்டும்.